கதவைத் திறந்து விட்டவன்

ஜூன் 1, 2007. வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. சாக்கடை நிரம்பி, கடை முன் வரிசை ஸ்டூல்களை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டாயிற்று. ஜும்மா தொழுதுவிட்டு வந்து இரண்டரைக்குத் திறந்தேன். கூட்டமே இல்லை. கால்பந்து சீசன் முடிந்துவிட்டது, இனி ஆகஸ்டில்தான். நாலு மேசையில் நாலு பேர். நாலு பேரும் ஆளுக்கு ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா கொடுக்கிற பச்சைத் தேநீர் பிளாஸ்க்கைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வாங்க வேண்டியது: பால் டின். கரி ஒரு மூட்டை. சமோசாவுக்கு உருளைக்கிழங்கு. என் கடைவாய்ப் பல்லுக்குக் கிராம்பு எண்ணெய்.

கூரை மேல் இருக்கிற டிஷ் நேற்றுக் காற்றில் திரும்பிக்கொண்டது. ரிப்பேர்காரன் ஏறி முக்கால் மணி நேரம் திருகினான். கிடைத்தது ஆஸ்திரேலியாக்காரன் சேனல் ஒன்று மட்டும். மழை விட்டதும் வந்து சரி பண்ணுகிறேன் என்று பர்மியில் சொல்லிவிட்டுப் போனான். மழை விடுவது அக்டோபரில். நல்ல ஆள்.

நாலு மணிக்கு அந்தச் சேனலில் ஓர் ஆட்டம். ரக்பியாம், அதிலும் லீக் என்று ஒரு வகையாம். முட்டை மாதிரிப் பந்து. ஒருத்தன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறான். எதிராளி மூன்று பேர் பிடித்துச் சாய்க்கிறார்கள். எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளுகிறான். அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். சாய்க்கிறார்கள். அரை மணி நேரம் இதுவேதான், புள்ளி ஒன்றுகூட இல்லை. லைன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற சலீம், வாய் சும்மா இருக்காதவன், மாமா என்பதைப் பர்மியில் ஊ லே என்பவன்: "என்ன ஊ லே, சடுகுடு போட்டு வச்சிருக்கீங்க? பந்தக் குடுத்து ஏமாத்துறாங்களே!"

ஐந்துக்கு வேலு வந்தான். "ஊ டகா வந்தாச்சு" என்று சலீம் இடம் விட்டான். அவன் வழக்கமான மூலை ஸ்டூல், வழக்கமான சோசெய்ன், பால் தூக்கலாக, இனிப்பாக. டிவியைப் பார்த்தவன் பார்த்தபடி. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஆட்டம் முடிந்தபின் சேதி சொன்னான். ரயில்வேயில் ரிட்டயர் ஆகி ஆறு மாசம் முடிந்துவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். 30ஆம் தேதிக்குள். ஷ்வேப்யிதாவில் இருக்கிற மகள் செல்வி வீட்டோடு போகிறான். அவள் அங்கே தையல் ஃபேக்டரியில். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

அவனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முப்பத்தாறு வருஷமாகச் சொல்லவில்லை. அவன் போவதற்குள் சொல்லியாக வேண்டும். எழுதி வைக்கிறேன். எழுதினாலாவது ரோஷம் வருகிறதா பார்ப்போம்.

ஜூன் 3, ஞாயிறு

மழை விட்டு விட்டு. பல்வலி. கிராம்பு எண்ணெய் நாக்கைத்தான் சுட்டது.

ஆரம்பித்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைத் தெருக்களுக்குள் நடந்த கால்பந்துப் போட்டி, 1971. ரயில்வே மைதானத்தில் கடைசி ஆட்டம். நான் சென்டர் ஃபார்வர்டு, வேலு பேக். காப்டன் ஜொஹராவின் மூத்த அண்ணன். ஜொஹரா அப்போது என் மனைவி இல்லை, அவர் எனக்கு மச்சானும் இல்லை. காப்டனின் சட்டம் ஒன்று: எதிரிக்குக் கார்னர் கிடைத்தால் நான் திரும்பி ஓடிவந்து கோல் கம்பத்தை ஒட்டி நிற்க வேண்டும். அந்தக் கம்பம் என் பொறுப்பு.

முடிய இரண்டு நிமிஷம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரிக்குக் கார்னர். நான் போகவில்லை. நடுக்கோட்டிலேயே நின்றேன். பந்து வெளியே வந்தால் தனியாக எடுத்துக்கொண்டு போய்க் கோல் போடலாம் என்று. மைதானத்துக்குப் பின்னால் இருந்த மாடி ஜன்னலில் ஜொஹரா வேறு நின்றுகொண்டிருந்தாள். பந்து சரியாக அந்தக் கம்பத்தை ஒட்டியே உள்ளே போனது. தோற்றோம்.

"கம்பத்துல யாரு?" என்று காப்டன் கேட்டார். "வேலு" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. வேலு என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து அவன் டகா வேலு. டகா என்றால் பர்மியில் கதவு. கதவைத் திறந்து விட்டவன். இன்றைக்கு இருக்கிற பயல்களுக்குக் காரணமே தெரியாது, ஏதோ பட்டப்பெயர் என்று, மரியாதைக்கு முன்னால் ஓர் ஊ போட்டுக் கூப்பிடுகிறார்கள். நானும்தான் கூப்பிடுகிறேன். அதை நினைத்தால்தான் என் மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஜூன் 8, வெள்ளி

மழை. கரன்ட் மூன்றுக்குப் போனது. டிவியை பேட்டரியில் போட்டேன்.

மறுபடி அந்த ஆட்டம். போன வாரம் பார்த்த நாலு பேரும் வந்திருக்கிறார்கள், கூட இரண்டு பேர். போக வேறு இடம் இல்லை போல. சட்டம் என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. இங்கிலீஷ் கமென்டரி மாவு அரைக்கிற மாதிரி ஓடுகிறது. திடீர் திடீரென்று பந்து எதிர்ப் பக்கத்துக்குக் கை மாறுகிறது. ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. "லஞ்சம் குடுத்திருப்பான்" என்றான் சலீம்.

வேலு டீக்கரண்டிகளைக் கேட்டு வாங்கினான். ஒவ்வொரு தடவை ஆளைச் சாய்க்கும்போதும் மேசையில் ஒரு கரண்டி வைத்தான். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தான்.

"ஆறுடா காதரு. ஆறு தடவை புடிச்சுப்புட்டா பந்து அடுத்தவனுக்கு. அதுக்குத்தான் அஞ்சாவதுலயே காலால ஒதைச்சு தூரத் தள்ளி விட்டுடுறான்."

அதற்கப்புறம் கடை முழுக்க எண்ண ஆரம்பித்துவிட்டது. தித், நித், தொன், லே, ங்ஙா, சௌக். ஒன்றிலிருந்து ஆறு வரை, பர்மியில், கோரஸாக. ஆறாவதில் ஒரே கூச்சல். ஜொஹரா சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாங்க, மதரஸாவா நடத்துறீங்க? கரண்டி ஒண்ணு கூட இல்ல இங்க" என்றாள்.

வேலு போகும்போது மழைக்கு என் குடையைக் கொடுத்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். தெருமுனை வரை கூடவே போனேன். குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜூன் 10, ஞாயிறு

வெயில்! இரண்டு மணி நேரம். கைலி நாலு காய்ந்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டம். இது வேறு மாதிரி. மளமளவென்று புள்ளி. ஒருத்தன் ஓடி விழுந்தால் நாலு, அதற்குப் பிறகு கம்பத்துக்கு மேலே உதைத்தால் இரண்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருத்தன் ஓடி விழுகிறான். ஒரு பக்கம் நாற்பத்துச் சொச்சம், மறுபக்கம் இருபது. கடை சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் கைதட்டல், கைதட்டல் முடிந்ததும் ஒரு டீ, ஒரு சமோசா. சமோசா தீர்ந்துவிட்டது.

நான் வேலுவிடம் சொன்னேன், "பாத்தியா மச்சான், இதுக்குப் பேருதான் ஆட்டம். போன வாரம் பாத்தது மாடு முட்டுனது."

"இதுவா ஆட்டம்? ரெண்டு பக்கமும் தடுக்கத் தெரியாத பயலுக. திறந்து கெடக்குற வூட்டுல எவன் வேணா புகுந்து எடுப்பான்."

"ஜனங்க சந்தோஷமா இருந்தாங்களா இல்லையா?"

"இருந்தாங்க. நாளைக்கு இதுல ஒண்ணு ஞாபகம் இருக்குமான்னு கேளு."

திறந்து கிடக்கிற வீடு என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, வெள்ளி

மழை, மழை, மழை. சுவரெல்லாம் பூஞ்சை. பல் பிடுங்கியாயிற்று, புதன்கிழமை. ஒரு பக்கமாக மெல்லுகிறேன்.

இன்றைய ஆட்டம் மறுபடி இறுக்கம். முதல் பாதியில் ஆறுக்கு நாலு, அப்புறம் அசையவே இல்லை. கடையில் இருபது பேர். இருபது பேர் இருந்தும் முக்கால் மணி நேரம் ஒரே ஒரு டீகூடப் போகவில்லை! புள்ளி விழுந்தால் மூச்சு விட்டு, திரும்பிப் பார்த்து, டீ கேட்பான். விழாவிட்டால் எப்போது விழுமோ என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறான். டீக்கடைக்காரனுக்கு இதைவிட மோசமான ஆட்டம் கிடையாது. சொன்னேன். உரக்கவே சொன்னேன்.

டாக்சி ஓட்டுகிற கோ மின் லே பர்மியில் சொன்னது: "ஊ லே, எனக்குக் கை எல்லாம் வேர்த்திருக்கிறது. காசு கொடுத்துப் பார்க்கிற படத்தில்கூட இப்படி வேர்க்கவில்லை." சலீம் ஒத்துக்கொள்ளவில்லை. "அடிச்சான், விழுந்தான், அடிச்சான், விழுந்தான். இத வேடிக்கைன்னா எங்க பஸ்ல ஏறிப் பாருங்க, தினம் நடக்குது."

வேலு சிரித்தான். அப்புறம் என்னிடம் மட்டும், மெதுவாக:

"கோலு போட்டவன எல்லாரும் பாப்பாங்க, காதரு. தடுத்ததுங்கறது நடக்காமப் போன விஷயம். நடக்காதத எவன் பாப்பான்? முப்பத்தெட்டு வருஷம் லைன் கேங்குல இருந்தேன். மழையில நின்னு கல்லு போட்டு, தண்டவாளத்தத் தூக்கி நிமித்தி. ரயிலு கவுறல. இன்னிக்கு ரயிலு கவுறலன்னு எவனாவது வந்து கை தட்டுனானா? இந்த ஆட்டத்துலதான்டா அதக் காட்டுறான். ஒரு தடவ சாய்ச்சா எண்ணுறான் பாரு, டிவியில கீழ எழுதிக் காட்டுறான், இவன் இத்தன தடவ சாய்ச்சான்னு."

சொல்ல வாய் திறந்தேன். வாயில் பஞ்சு வைத்திருந்தேன், அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

இன்னும் பதினைந்து நாள்.

ஜூன் 22, வெள்ளி

கடையைச் சாத்திவிட்டு வந்து உடனே எழுதுகிறேன், சூடு ஆறுவதற்குள்.

அங்கேயும் மழை, இங்கேயும் மழை. அவர்கள் சட்டை என்ன நிறமென்றே தெரியாதபடி சேறு. முதல் பாதியில் ஏதோ தப்பாட்டத்துக்குக் கிடைத்த உதையில் பச்சைச் சட்டைக்கு இரண்டு புள்ளி. அவ்வளவுதான். மொத்த ஆட்டத்துக்கும் அந்த இரண்டுதான்.

இரண்டாம் பாதியில் மஞ்சள் சட்டைக்காரர்கள் பச்சையின் கோட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். கடை எண்ணுகிறது. சௌக். பந்து மாறுகிறது. பச்சைக்காரன் ஒருத்தன் கை நழுவவிட்டான், மறுபடி மஞ்சளுக்கே. மறுபடி தித், நித். பச்சையின் பதின்மூன்று பேரும் ஒரே வரிசையில். ஒருத்தன் விழுந்து எழுவதற்குள் பக்கத்து ஆள் அவன் இடத்தில் நிற்கிறான். காது கிழிந்து துணி கட்டிய ஒரு தடியன், ஒரு புள்ளிகூடப் போடாதவன், பந்தைத் தொட்டதே குறைச்சல். அவன் சாய்த்ததற்கு மட்டும் தனியாகக் கரண்டி வைத்துக்கொண்டு வந்தான் வேலு. கரண்டி தீர்ந்து தீக்குச்சி வைத்தான். கடையில் முப்பது பேருக்கு மேல். வெளியே குடை பிடித்துக்கொண்டு வேறு. யாரும் டீ கேட்கவில்லை. நானும் போடவில்லை. அடுப்பை மறந்து பால் பொங்கி அணைந்ததுகூடத் தெரியாது.

கடைசி நிமிஷம். மஞ்சள் ஒருத்தன் வரிசையைப் பிளந்துகொண்டு தப்பிவிட்டான். முன்னால் ஆளே இல்லை. போச்சு என்று சலீம் எழுந்து நின்றுவிட்டான். அப்போது மறு ஓரத்திலிருந்து ஒருத்தன் ஓடி வருகிறான். பச்சையின் ஓரத்து ஆட்டக்காரன், ஓடிப்போய்ப் புள்ளி போடுவதற்கென்றே வைத்திருக்கிற ஆள், வேகக்காரன். அன்று முழுக்க ஒன்றும் கிடைக்காமல் ஓரத்தில் நின்றவன். அவன் வரவே வேண்டாம். அது அவன் பக்கமே இல்லை. மைதானம் குறுக்கே முழுக்க ஓடி வந்து, பின்னாலிருந்து பாய்ந்து, மஞ்சள்காரன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தார்கள். ஆட்டம் முடிந்தது.

கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் டீ கேட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எங்கே பிளந்தது, யார் விட்டது, யார் பிடித்தது என்று அடித்துக்கொண்டார்கள். என் கணக்கில் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்: போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு விழுந்த அறுபது புள்ளியில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இன்றைக்குச் சாய்த்ததில் பாதியை இப்போதே வரிசையாகச் சொல்வேன்.

சலீம் மட்டும், "ரெண்டு புள்ளிக்கு ரெண்டு மணி நேரம்! எனக்கு வேணாம்பா" என்றான். அடுத்த வெள்ளி எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொண்டான். பிறகு வேலுவைப் பார்த்து, "ஊ டகா, நீங்க பந்து ஆடுனப்ப இப்புடி ஓடிப் புடிச்சிருக்கீங்களா?" என்றான்.

"நான் ஓடல. நம்ம இடத்துலதான் நின்னேன்" என்றான் வேலு.

என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். நான் டீ வடிகட்டுகிற துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். ஓடி வர வேண்டியவன் நான். நாற்பது கஜம். அந்த ஓரத்துப் பையன் அதைவிட அதிகம் ஓடினான்.

ஜூன் 23, சனி

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணி. குவார்ட்டர்ஸில் அவன் மட்டும். பெஞ்சாதி போட்டோவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தான். உட்காரவில்லை நான். வாசலில் நின்றபடியே: "மச்சான், எழுபத்தியொண்ணுல அந்தக் கம்பத்துல நிக்க வேண்டியது நான்தான். நீயில்ல. நான் வரல. பொய் சொல்லிட்டேன்."

அவன் சுற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"அந்த மைதானத்துல நானும்தானே நின்னேன். எனக்குத் தெரியாதா?"

சணல் கட்டி முடித்தான். அப்புறம் நிமிர்ந்தான். அவன் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "என் மக கல்யாணத்துக்கு வந்தவன் ஒருத்தன் மொய்க் கவர்ல டகா வேலுன்னு எழுதியிருந்தான்டா. சம்பந்திக்காரன் காரணம் கேட்டான். என்னத்தச் சொல்ல? ஒவ்வொரு வருஷமும் இந்தா சொல்லுவான், இந்தா சொல்லுவான்னு பாத்தேன். நீ டீ ஊத்திக்கிட்டே அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடுற!" போட்டோவை டிரங்கில் வைத்துச் சாத்தினான். "போ, காதரு. வேல இருக்கு."

வந்துவிட்டேன். சொன்னால் லேசாகிவிடும் என்று நினைத்தேன். இல்லை.

ஜூன் 26, செவ்வாய்

மூன்று நாளாக வேலு கடைக்கு வரவில்லை. மூலை ஸ்டூலில் யார் யாரோ. கரி நனைந்து புகை. மாவு புளித்துவிட்டது.

ஜொ. கேட்டாள், "ஏன் வரக்காணோம் அவரு? சண்டையா?" எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். "நான் ஜன்னல்ல நின்னு யாரப் பாத்துக்கிட்டு இருந்தேனாம்? பந்தையா பாத்தேன்? நீங்க நடுவுல அசையாம நின்னது என் கண்ணு முன்னாலதானே."

"அப்ப ஏன் உன் அண்ணன்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னை உங்களுக்குக் கட்டிக் குடுத்திருப்பாரா? பொய் சொல்றவன்னா அவருக்கு ஆகவே ஆகாது." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களா சொல்லணும்னு இருந்தேன். அதுக்குன்னு இத்தன வருஷமா? அல்லாவே!"

ஆக எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்தவன் நான் ஒருத்தன்.

ஜூன் 30, சனி

வேலு வீடு காலி பண்ணிய நாள். கூப்பிடவில்லை அவன். நானே போனேன். லாரி ஏழுக்கே வந்து நின்றது. தூறல்.

ஏற்றியது: கட்டில் ஒன்று, தகர டிரங்க் இரண்டு, தேக்கு பீரோ, முருகன் படம், அரிசி டின், லைன் கேங் காலத்து நெம்புகோல் ஒன்று (எதற்கென்று கேட்டால் முறைக்கிறான்).

பீரோவைத் தூக்கும்போது மகளை விலக்கிவிட்டு, "கனமான பக்கம் நீ புடி" என்றான் என்னிடம். பிடித்தேன். மாடிப்படி பதினெட்டு. பாதியில் மூச்சு வாங்கி இரண்டு பேரும் படியில் பீரோவைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கேட்டேன், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று.

"உன் மச்சான் நின்னாரு பக்கத்துல. நீ அவரு தங்கச்சியப் பேசணும்னு என்கிட்ட ஒரு மாசமா உசிர வாங்கிக்கிட்டு இருந்தே. நான் வாயத் திறந்திருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும். சரி, நிக்காஹ் ஆவட்டும், அப்புறம் இவனே சொல்லிடுவான்னு விட்டேன்."

அழுதேன். அறுபது வயதில், மாடிப்படியில், தேக்கு பீரோவைப் பிடித்துக்கொண்டு.

"அழுவாத. கை வழுக்கும்" என்றான். ஐந்தாறு படி இறங்கியபின்: "என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதத்தானே சொன்னே. அங்க சொல்லு. கடையில."

லாரி கிளம்பும்போது செல்வி கையாட்டினாள். அவன் முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 6, வெள்ளி

மழை. கரன்ட் இருந்தது, ஆச்சரியம். பால் டின் விலை ஏறியிருக்கிறது. ஜும்மாவில் ஓதியது மண்டையில் நிற்கவில்லை.

நாலு மணி ஆட்டத்துக்குக் கடை நிறைந்தது. வேலு வருவானோ என்று வாசலைப் பார்த்தேன். வரவில்லை. வந்தால் சொல்வது சுலபமா, வராவிட்டால் சுலபமா என்று யோசித்து, இப்படி யோசித்தே முப்பத்தாறு வருஷம் போனது என்று தோன்ற, இடைவேளையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

"என்ன ஊ லே, பேட்டரியா?" என்றான் சலீம்.

முதலில் தமிழில் சொன்னேன். பிறகு கோ மின் லேவுக்கும் மற்றவர்களுக்கும் பர்மியில். கார்னர், கம்பம், நடுக்கோடு, நான் சொன்ன பொய். வேலு அவன் இடத்தில் சரியாக நின்றான், கதவைத் திறந்து விட்டவன் நான், அந்தப் பெயரை இனி யாரும் அவனுக்குச் சொல்லக்கூடாது. ஜன்னல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். சமையல் கட்டு வாசலில் ஜொ. நின்றுகொண்டிருந்தாள்.

பத்துப் பேருக்கு மேல் அந்த ஆட்டம் நடந்தபோது பிறக்கவே இல்லை. கோ மின் லே தலையைச் சொறிந்தான். கடைசியில் சலீம், "ஊ லே, இதுக்கா சத்தத்தக் கொறச்சீங்க? ஆட்டம் ஆரம்பிச்சிருச்சு" என்றான்.

சத்தத்தைக் கூட்டினேன். இரண்டாம் பாதி. தித், நித், தொன்.

ஜூலை 8, ஞாயிறு

சலீம் வேலையைக் காட்டிவிட்டான். கடை எல்லாம் ஒரே சிரிப்பு. காலையில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற அம்மாகூட என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாளில் தெரு முழுக்கப் போய்விட்டது. ஜொ. எல்லோரையும்விட ரசிக்கிறாள். கோபம் வந்தது, உண்மை. பத்து நிமிஷம் சமோசா மாவைப் போட்டுக் குத்தினேன். பிறகு போய்விட்டது. வேலு இதை எத்தனை வருஷம் சுமந்தான்.

டிஷ் ரிப்பேர்காரன் வழியில் பார்த்து, மழை நடுவே ஏறி மற்ற சேனலையும் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், ஆகஸ்டில் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 13, வெள்ளி

மழை கொஞ்சம் குறைவு. கரண்டி இரண்டு டஜன் புதிதாக வாங்கினேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேலு. தோள் வரை நனைந்து, கையில் என் குடை, மடக்கியபடி. விரித்தால் பஸ்ஸில் திட்டுகிறார்களாம். நேராக மூலைக்குப் போனான். அங்கே உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "உக்காருங்க ஊ வேலு" என்றான். வேலு அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தான். நான் அடுப்படியில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

வாசல் மேசையிலிருந்து சலீம், கடை அதிரக் கத்தினான்: "ஊ டகா! ரெண்டு சோசெய்ன்!"

வேலு பழக்கத்தில் சட்டென்று திரும்பினான்.

"இந்தா வர்றேன்" என்றேன் நான்.